கழக மேடையின் பகிடிக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையின் வடக்கே வன்னியில் விளையாட்டுக் கழக ஆண்டு விழாவோ வாசிகசாலைக் கலைவிழாவோ, சிரிப்புக் கதை சொல்லும் பகிடிக்காரரை மேடையேற்றுவது பெரும்பாலும் நாடகக்காரர் உடுப்பு மாற்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை நிரப்பத்தான். ஆகவே அவர் கொண்டுபோகும் கதையை எந்த இடத்திலும் முடிக்கக்கூடியதாக இருக்கவேணும். முடிச்சைக் கடைசிவரை ஒளித்து வைத்த நீளக் கதை, திரைக்குப் பின்னாலிருந்து சைகை வந்த உடனே செத்துப்போகும்.

மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல்லை அரிவி வெட்டி, சூடடித்து, நெல் வீடுவந்த பிறகுதான் மேடைகள் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒன்றும் இல்லை. வயலோ மேசன் வேலையோ கையில் இல்லாதவர் இந்தக் கலையில் நிலைக்க முடியாது.

பலர் தோற்பது ஒலியில். மேடையிலிருந்து 170 மீற்றர் தள்ளிப் பனையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரின் சத்தம் முன்வரிசைக்கு ஏறத்தாழ அரை விநாடி பிந்தித்தான் வரும். இடைவெளி விடாமல் பேசினால் ஒரு சொல் மற்றதில் ஏறி, பகிடி விளங்காது. வசனம் குறுகவேணும், முக்கியமான சொல் கடைசியில் வரவேணும், அதன்பிறகு மூச்சு எடுக்கவேணும். மைக்கை வாய்க்கு நேரே பிடித்தால் 'ப' எல்லாம் வெடிக்கும்; நாலு விரல் தள்ளி, சற்றுச் சரித்துப் பிடிக்கலாம். ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் கூவும்.

போரால் பொருளாதாரத் தடை இருந்த 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர்களில் ஜெனரேற்றர் ஓட்டுவது லேசான செலவல்ல. மைக் இல்லாத இடத்தில் உடம்பாலேதான் சிரிக்கவைக்க வேணும். நொண்டி நடை, திக்குவாய் எல்லாம் பபூன் வேடத்தின் பழைய சரக்கு. 2009இல் போர் முடிந்த பிறகு அதை அப்படியே மேடையேற்றுவது பெரும் பிழை. முன்வரிசையில் செயற்கைக் காலோடு இருப்பவரைப் பார்த்தபடி அந்த நடையை நடக்க எந்தக் கலைஞனுக்கும் உரிமையில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

சிரிப்புக்குச் சனத்தை அழுத்துபவர்களே போதும். கிழமைக் கடன் வசூலிக்க வருகிறவர், லீசிங் கட்டாத லாண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினை, இழுத்துப்போக வருகிறவர், "நாளைக்கு வாங்கோ" என்கிற கந்தோர்க்காரர். இவர்கள் மேடைக்கு வந்தால் பின்வரிசைக் கிழவியும் கைதட்டுவா.

ஏறுவதற்கு முன் கழகச் செயலாளரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடவேணும்: ஊரில் அண்மையில் செத்தவீடு நடந்ததா? நடந்திருந்தால் குடிகாரன் கதையையும் பாடைக் கதையையும் அன்றைக்கு எடுக்கக்கூடாது.