மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுது, வண்டி மட்டும் டிக்குன்னு நிக்குது

வணக்கம். காற்று சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிற்கிறேன், பின்னால் தெரிவது சில்வர் பீச். காலையில் மீன் வாங்க வந்தேன், சங்கரா ஒன்றரைக் கிலோ ஹேண்டில்பாரில் தொங்குகிறது, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. இதோ செல்ஃபை அழுத்துகிறேன், கேளுங்கள். டிக். இன்னொரு தடவை. டிக். அவ்வளவுதான். ஐஸ் இல்லாத மீன், அதனால் இன்றைக்குப் பேச்சு கொஞ்சம் வேகமாகப் போகும்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். போன மாதமும் இதே டிக் வந்தது. ஒரு மெக்கானிக்கிடம் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஹார்ன்கூட அடித்துப் பார்க்கவில்லை, "பேட்டரி போயிடுச்சு தம்பி" என்றார். 1,700 ரூபாய். புதுசு மாட்டினார், ஸ்டார்ட் ஆனது, நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். இப்போது பாருங்கள், ஒரு மாசத்துப் பேட்டரி, அதே டிக். போன மாதம் அளந்துகூடப் பார்க்காமல் 1,700 ரூபாய் வாங்கிவிட்டாரே என்று அப்புறம் வந்த கோபத்தில் வாங்கியதுதான் வோல்ட் அளக்கும் இந்த மல்டிமீட்டர், அதன் பிறகு பையை விட்டு இறங்கியதே இல்லை.

சரி. சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை என்றால் முதலில் கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச்), ஃபியூஸ், நியூட்ரல், சைடு ஸ்டாண்டு, கிளட்ச் லிவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச். இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. கில் சுவிட்சைப் பக்கத்து வீட்டுப் பொடியன் தட்டிவிட்டுப் போயிருப்பான், நாம் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்கே போய்விடுவோம், நானும் போயிருக்கிறேன். டிக் டிக் டிக் என்று பல்லி மாதிரி விடாமல் அடித்து, கூடவே வண்டியின் ஸ்பீடோமீட்டர் லைட்டும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரிதான் டவுன். ஆனால் என் வண்டியில் ஒரே ஒரு டிக், லைட் மங்கவே இல்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும்.

பேட்டரியில் மல்டிமீட்டரை வைக்கிறேன். 12.6 வோல்ட். நல்ல சார்ஜ். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவது, சும்மா நிற்கும் பேட்டரியை அளந்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். சும்மா இருக்கும்போது செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட 12.5 காட்டும். செல்ஃபை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும். அப்போது 10-க்குக் கீழே, எட்டு ஏழு என்று விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். இப்போது அழுத்துகிறேன்... 12.2. விழவே இல்லை! பேட்டரி கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை. நடுவில் எங்கேயோ அடைப்பு.

எங்கே என்று பார்ப்போம். பேட்டரியில் இருந்து சிவப்பு கேபிள் ரிலேவுக்குப் போகிறது, செல்ஃபை அழுத்தினால் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் இது, டிக் சத்தமும் இதுதான். ரிலேவில் இருந்து இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு, மோட்டார் பாடி இன்ஜினோடு ஒட்டியிருக்கிறது, இன்ஜினில் இருந்து எர்த் கேபிள் வழியாகத் திரும்பப் பேட்டரியின் மைனஸுக்கு. எல்லாரும் போகிற வழியைத்தான் பார்ப்பார்கள், வருகிற வழியை விட்டுவிடுவார்கள். நான் மைனஸில் இருந்து ஆரம்பிக்கிறேன். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில். சிவப்பு முனை இன்ஜினில், பெயின்ட் இல்லாத போல்ட்டாகப் பார்த்து. இது ரெண்டும் ஒரே எர்த், நடுவில் வோல்ட்டே காட்டக்கூடாது, செல்ஃப் சுற்றும்போது புள்ளி ரெண்டு, புள்ளி மூன்று வந்தால் போனால் போகிறது. அழுத்துகிறேன், பாருங்கள். ஏழு! ஏழு வோல்ட் அந்த ஒரு ஒயரிலேயே காணாமல் போகிறது. மிச்சம் அஞ்சு வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டார் என்ன செய்யும் பாவம்.

சும்மா அளக்கும்போது சரியாகக் காட்டும் கேபிள், செல்ஃபை அழுத்தும்போது மட்டும் ஏன் காலை வாருகிறது? மீட்டர் உறிஞ்சும் கரண்ட் ஒன்றுமே இல்லை, ஒரு மயிரிழைக் கம்பி மிச்சம் இருந்தாலும் அதற்குப் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பது ஐம்பது ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். அரித்துப்போன கேபிளில் அதைப்போலப் பல மடங்கு.

கழற்றுகிறேன். பேட்டரியில் எப்போதும் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டதும் தீபாவளிதான். இப்போது இன்ஜின் பக்கத்து போல்ட். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ரப்பர் உறையைப் பின்னால் தள்ளினால்... அடேங்கப்பா. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். பச்சைப் பசேல் என்று களிம்பு, பூஜைச் செம்பை ஒரு வருஷம் தேய்க்காமல் விட்டது மாதிரி. கம்பி இழைகள் தொட்டால் பொடியாக உதிர்கின்றன, உருப்படியாக இருப்பது நாலைந்துதான். போன மாதம் பேட்டரி மாற்றும்போது கேபிள் அசைந்து தற்செயலாகப் பிடித்திருக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆனது புதுப் பேட்டரியால் இல்லை. 1,700 ரூபாய் பேட்டரிக்கு இல்லை, அசைத்ததற்கு!

நம்ம ஊர் உப்புக்காற்று இப்படித்தான் செய்யும். அதோடு என் வண்டிக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த ரெண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம், அப்போது நண்பன் வீட்டு வாசலில் நின்ற வண்டி ஒரு நாள் முழுக்க இன்ஜின் வரை தண்ணீரில் இருந்தது. ஆயில் மாற்றினேன், கார்புரேட்டர் கழுவினேன், இந்த ரப்பருக்குள் ஏறிய தண்ணீரை யார் நினைத்தது.

"இன்னாப்பா, மக்கர் பண்ணுதா? தள்ளி உடட்டுமா?" என்கிறார் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன். என் வண்டி 2018 மாடல், கார்புரேட்டர் வண்டி, தள்ளினால் ரெண்டாவது கியரில் கிளம்பிவிடும். 2020-க்குப் பிறகு பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகள் அநேகமாக எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பேட்டரி அடியோடு டவுன் என்றால் பெட்ரோல் பம்பே ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் கால்தான் வலிக்கும். "ஒரு அஞ்சு நிமிசம்ணே."

கெட்டுப்போன நுனியை வெட்டுகிறேன், நல்லவேளை கேபிளில் ஒரு இஞ்சு தாராளம் இருந்தது. உள்ளே செம்பு பளபள என்று இருக்கும் இடம் வரை சீவி, இழைகளை வளைத்து வாஷருக்கு அடியில் வைத்து இறுக்குகிறேன். அதற்கு முன்னால் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தாகிவிட்டது, உப்பு செய்த வேலைக்கு உப்புத்தாள். இது வீடு போய்ச் சேருவதற்கு மட்டும். திருப்பாப்புலியூரில் லக் (கேபிள் நுனியில் போல்ட் நுழையும் உலோக வளையம்) வைத்து அழுத்தித் தரும் பேட்டரி கடை இருக்கிறது, மத்தியானம் அங்கே போய்ச் சரியாகச் செய்து, மேலே வேசலின் தடவிவிடுவேன்.

இப்போது அழுத்துகிறேன். ...ஆ! ஒரே பிடி. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி மறுபடியும் பேட்டரியில் அளக்கிறேன், 14.1, சார்ஜிங்கும் சரியாக இருக்கிறது. பதிமூன்றுகூட வராமல் இருந்தாலோ பதினைந்தைத் தாண்டினாலோ சார்ஜ் செய்யும் காயிலையோ, அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டியிருக்கும்.

போன மாதம் பழைய பேட்டரியை 200 ரூபாய்க்கு அந்த மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். அது இப்போது எந்த வண்டியில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறதோ. அம்மா மூன்றாவது தடவையாகப் போன் பண்ணுகிறார், பையில் இருந்து தண்ணீர் வேறு சொட்ட ஆரம்பித்துவிட்டது, வைக்கிறேன்.