டெல்லி காற்றுக் குழு: கலைத்தது சரியே!

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். எதிரணிக்குத் தனியா ஒரு வணக்கம், இனிமே சொல்ல நேரம் இருக்காது.

டெல்லி காத்து மாசைக் கட்டுப்படுத்த 1998 ஜனவரியில ஒரு குழு போட்டாங்க. பேரு இ.பி.சி.ஏ. அதை 2020 அக்டோபர்ல அவசரச் சட்டம் போட்டுக் கலைச்சாங்க. சரியா, தப்பாங்கிறதுதான் தலைப்பு. சரிதான்னு சொல்ல வந்திருக்கோம்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "டெல்லிக்கு சி.என்.ஜி. (அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு) பஸ் வந்ததே அந்தக் குழுவாலதான். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற கூட்டம் இது"ன்னார். நீங்களும் தட்டுனீங்க. சரி, அந்த பஸ் கதையையே பேசுவோம்.

1998 ஜூலை 28. உச்ச நீதிமன்றம் உத்தரவு போடுது. 2001 மார்ச் 31க்குள்ள டெல்லி பஸ் மொத்தமும் சி.என்.ஜி.க்கு மாறணும். குழு சொன்ன யோசனைதான், நான் மறுக்கல. அப்புறம்? குழு அறிக்கை எழுதுச்சு, பஸ் ஓடுச்சு. எதுல? டீசல்ல! 1999 வந்துச்சு. குழு எழுதுச்சு, பஸ் ஓடுச்சு. எதுல? (நீங்களே சொல்றீங்க பாருங்க!) 2000 வந்துச்சு. அப்பவும் அதேதான்.

கெடு முடியற நேரத்துலதான் கேஸ் எங்கேன்னு தேடுறாங்க. சி.என்.ஜி.யை சுமார் 200 பார் அழுத்தத்துல, அதாவது வெளிக்காத்தை விட 200 மடங்கு அழுத்தத்துல அடைக்கணும். கேஸ் குழாய் போகாத 'பங்க்'குக்கு லாரியில சிலிண்டர் வரும். முதல் பஸ்ஸுக்கு விறுவிறுன்னு ஏறும். போகப் போக சிலிண்டர்ல அழுத்தம் இறங்கிடும், அடுத்த பஸ்ஸுக்குப் பாதிதான் ஏறும். பாதியோட போன பஸ் சாயங்காலம் திரும்ப அதே வரிசைக்கு வரும். அப்போ வரிசை குறையுமா, நீளுமா? கெடு தள்ளிப்போச்சு. குழு? எழுதுச்சுங்க!

கடைசியில எப்படி மாறுச்சு? 2002 ஏப்ரல்ல நீதிமன்றம் சொல்லுச்சு: டீசல்ல ஓடுற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாளுக்கு 500 ரூபா கட்டு, 30 நாள் தாண்டினா நாளுக்கு 1000. அந்த வருஷம் முடியறதுக்குள்ள டீசல் பஸ் ரோட்டை விட்டுப் போயிருச்சு. ஐயா, நீங்க ஏணின்னு சொன்னது அறிக்கையை. பஸ்ஸை ஏத்திவிட்டது அபராத ரசீது!

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 5ன் கீழ உத்தரவு போடற அதிகாரம் குழுவுக்கு இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருந்துச்சு, காகிதத்துல. ஆனா எல்லை தலைநகர் வட்டாரத்தோட, அதாவது டெல்லியும் அதைச் சுத்தின மாவட்டங்களும், அதோட சரி. அறுவடை முடிஞ்சு வயல்ல எரிக்கிற வைக்கோல் புகை பஞ்சாப்ல இருந்து வருது, பஞ்சாப் அந்த வட்டாரத்துலயே இல்ல. குழுவைக் கலைச்சுட்டு அமைச்ச காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குப் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உ.பி. எல்லாம் அடக்கம். மீறினா 1 கோடி ரூபா வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில். விவசாயிக்கு ஜெயில் இல்ல, இழப்பீடு மட்டும்.

2017ல வந்த 'கிராப்' திட்டத்தையும் சொல்லணும், மாசு ஏற ஏற படிப்படியா தடை போடற திட்டம் அது. லாரியை நிறுத்தற அவசர நிலைக்குப் போகணும்னா பி.எம். 2.5ங்கிற நுண்தூசி அளவு ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராமைத் தாண்டி, 48 மணி நேரம் அப்படியே நிக்கணும். நம்ம நாட்டு 24 மணி நேர வரம்பே 60தான்! நுரையீரல்கிட்ட போய், 'தம்பி, ரெண்டு நாள் மூச்சைப் பிடி, கூட்டம் போட்டு முடிவு சொல்றோம்'னு சொல்ற மாதிரி. குளிர்காலத்துல புகை மேல போய்க் காத்தோட கலக்கற உயரம் கீழ இறங்கிடும், காத்தும் ஓடாது. புகை தேங்கினப்புறம் லாரியை நிறுத்தினா, ஏற்கெனவே தேங்கினது எங்க போகும்? 2022ல முன்னறிவிப்பைப் பார்த்து மூணு நாள் முன்னாடியே தொடங்கற மாதிரி மாத்தினது புது ஆணையம்.

"2024 நவம்பர்ல அந்தப் புது ஆணையமும் நீதிமன்றத்துல வாங்கிக் கட்டிக்கலையா?"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. கட்டிக்கிச்சு. கிராப்போட கடுமையான நாலாம் படியை அமல்படுத்த ஏன் தாமதம்னு நீதிபதிகள் கேட்டாங்க. கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தாரே!

நடுவர் அவர்களே, மணி அடிச்சிட்டீங்க, இன்னும் ஒரே நிமிஷம். சட்டம், பிரிவு எல்லாம் தள்ளி வைங்க. அந்தக் குழு பிறந்த வருஷம் பிறந்த டெல்லிக் குழந்தைக்கு, அதைக் கலைச்சப்போ வயசு 22. நம்ம பிள்ளைங்க தீபாவளி லீவுக்கு ஏங்கும். அந்த ஊர்ல புகைக்கு லீவு விடறாங்க. வளர்ற நுரையீரல் அது, எடைக்குப் பார்த்தா நம்மளைவிட அதிகமா காத்தை இழுக்கும். ராத்திரி பூரா இருமற பிள்ளை முதுகைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கிற தாய்கிட்ட, 'அம்மா, அருமையான அறிக்கை ஒண்ணு இருக்கு'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எதிரணிக்கு வந்தா, அவங்களே போய்ச் சொல்லட்டும். அந்தத் தாய்க்காகக் கேக்கறேன், கலைச்சது சரிதான்னு தீர்ப்பு எழுதுங்க. நன்றி, வணக்கம்.