கடைசி வார்த்தை யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இணையத்தில் நல்ல சரக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பேர்போன தளங்கள் சில அமெரிக்காவில் தயாரானவை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஐசிவிக்ஸ் தளத்தைப் பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வு பெற்றபின் 2009-இல் தொடங்கியது. அதில் ‘டூ ஐ ஹேவ் எ ரைட்?’ என்றொரு விளையாட்டு. பிள்ளை ஒரு வக்கீல் அலுவலகம் நடத்தவேண்டும். குறையோடு வருபவருக்கு அரசியல் சாசனத்தில் உரிமை இருக்கிறதா என்று முதலில் முடிவு செய்யவேண்டும். இருந்தால் அதில் தேர்ந்த வக்கீலிடம் அனுப்பவேண்டும். மனக்குறை எல்லாம் உரிமை மீறல் ஆகிவிடாது என்பதைப் பாடப்புத்தகம் இத்தனை சுருக்காகப் புரியவைக்காது.

ஆனால் அமெரிக்கத் தளங்களிலேயே பழகும் பிள்ளை, அந்நாட்டு விதியை உலக விதியாக எடுத்துக்கொள்ளும். குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்தியாவில், அரசியல் சாசனத்தின் 111-ஆம் பிரிவின்படி, பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவை பற்றியது) அல்லாததை அவர் திருப்பி அனுப்பலாம். அவைகள் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை மறுக்க முடியாது. சாதாரணப் பெரும்பான்மை போதும்.

இதைச் சரிபார்க்க ‘கான்ஸ்டிட்யூட்’ என்ற தளம் இருக்கிறது. பல நாட்டு அரசியல் சாசனங்களில் இரண்டை அருகருகே வைத்துப் படிக்கலாம். தேடுவது பெரியவர் வேலை. முழுச் சாசனத்தையும் பிள்ளையின் முன்னால் விரித்தால் காரியம் கெட்டது. நாட்டுக்கு ஒரு பிரிவு, கூடவே ஒரே கேள்வி: கடைசி வார்த்தை யாருடையது?

பிறகு கணினியை மூடிவிட்டு ஒன்பது சதுரங்கக் காய்களை எடுங்கள். ஐந்து வெள்ளை, ஆதரவு. நான்கு கறுப்பு, எதிர்ப்பு. மசோதா நிறைவேறியது, தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார், மறுபடியும் அதே ஐந்துக்கு நான்கு. இந்திய விதியில் அது சட்டமாகும். அமெரிக்க விதியில் ஆறு வேண்டும் என்பதால் ஒரு காயில் தோற்கும். இரண்டு அவைகளை ஒன்றாகச் சுருக்கியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதுவே அடுத்த தவறாகிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசு அச்சகம் நடத்தும் ‘பென்ஸ் கைடு’ உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தொழிலால் அச்சுக்காரர். அதனால் அவரே வழிகாட்டி. 4 முதல் 8 வயது, 9 முதல் 13, அதற்கு மேல் என மூன்று படிகள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளைக்கு ஒரு படி கீழே தொடங்குங்கள்.

தமிழிலேயே வேண்டுமென்றால், 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழ் வடிவம் ஐ.நா. மனித உரிமை அலுவலகத் தளத்தில் இருக்கிறது. உறுப்புரைகள் மொத்தம் 30. வக்கீல் விளையாட்டில் வந்த குறை எதில் அடங்கும் என்று தேடச் சொல்லலாம். இது பிரகடனம், ஒரு நாட்டின் சட்டம் அல்ல என்பதை முன்னாலேயே சொல்லிவையுங்கள். 24-ஆம் உறுப்புரை ஓய்வுக்கான உரிமை பற்றியது. அதைக் காட்டி வீட்டுப்பாடத்துக்கு எதிராக வழக்கு வரலாம். வாதாடட்டும், வேலைநேர வரம்பு என்று அதே உறுப்புரை பேசுவது யாருடைய வேலையை என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.