ஸ்பான் போட்டும் அவுட்புட் ஏன் லைவா வரல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இன்னிக்கு வந்த கேள்வி இது. "நோட் ஜேஎஸ்ல எக்ஸெக் வச்சு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்டை ஓட்டுறேன். பத்து நிமிஷம் ஒண்ணுமே வரல, முடிஞ்சதும் மொத்தமா கொட்டுது. ஸ்பான்னு மாத்தினேன், அப்பவும் அப்படியேதான். ஏன்?"

அந்த "அப்பவும் அப்படியேதான்" இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டுற நோட் ஜேஎஸ்ல இருந்து வேற ப்ரோகிராமை ஓட்ட உதவுற ரெண்டு ஃபங்ஷன்தான் எக்ஸெக்கும் ஸ்பானும். எக்ஸெக் கதை சின்னது. வர்றதையெல்லாம் மெமரியில சேர்த்து, ப்ராசஸ் (ஓடுற அந்த ப்ரோகிராம்) முடிஞ்சப்புறம், கால்பேக்ல, அதாவது முடிஞ்சதும் கூப்பிடச் சொல்லி நீங்க கொடுத்த ஃபங்ஷன்ல, ஒரே மூட்டையா கொடுக்கும். மூட்டைக்கு அளவும் உண்டு. மேக்ஸ்பஃபர்ங்கிற ஆப்ஷனை நீங்க மாத்தலைன்னா 1 எம்பி. தாண்டிச்சுன்னா கமாண்டை நடுவுலயே நிறுத்திடும்.

ஸ்பான்ல அந்த மூட்டை கிடையாது. வர வர டேட்டா ஈவென்ட்ல கைக்கு வந்துடும். அப்போ தேங்குறது எங்க? நோட்ல இல்லைங்க, பைத்தான் கிட்ட. லேட்டாச்சுன்னா முதல்ல கேட்க வேண்டியது "யார் கையில தேங்குது?"

ஷேர் ஆட்டோவை நினைச்சுக்கோங்க. ஆள் நிறையாம கிளம்பாது. பைத்தானோட அவுட்புட் டெர்மினலுக்குப் போனா வரிக்கு வரி கிளம்பும். பைப்புக்கு, அதாவது ஒரு ப்ரோகிராம்ல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா போற குழாய்க்குப் போனா, சில ஆயிரம் பைட் சேர்ற வரைக்கும் ஸ்டாண்டுலயே நிக்கும். இப்படிச் சேர்த்து வைக்கிற இடம்தான் பஃபர். ஸ்பான் சும்மா போட்டா கொடுக்கிறது பைப்தான்.

ஸ்க்ரீன்ல தெரிஞ்சா போதும்னா ஸ்பானோட எஸ்டிடிஐஓ (stdio) ஆப்ஷன்ல 'இன்ஹெரிட்' கொடுங்க. பைத்தானுக்கு நேரா உங்க டெர்மினலே கிடைச்சுடும். உங்க கோடுக்குள்ள அந்த எழுத்து வேணும்னா, ஆர்கியுமெண்ட் அரேல ஸ்கிரிப்ட் பேருக்கு முன்னாடி மைனஸ் யூ (-u, சேர்த்து வைக்காதேன்னு பைத்தானுக்குச் சொல்றது) சேருங்க. இல்லைன்னா பைத்தான்-அன்பஃபர்டு (PYTHONUNBUFFERED) என்விரான்மெண்ட் வேரியபிளை 1னு வைங்க. ஆனா என்வ் ஆப்ஷன்ல அதை மட்டும் போட்டா பழைய வேரியபிள் எல்லாம் போயிடும், ப்ரோகிராம்களை எங்க தேடணும்னு சொல்ற பாத் உள்பட. ப்ராசஸ் டாட் என்வை (...process.env) விரிச்சுட்டு அதோட சேருங்க.

எழுத்துல வார்த்தை தேடுற கிரெப் கமாண்டுக்கும் இதே ஷேர் ஆட்டோதான். லைன்-பஃபர்டுன்னு அதுக்கு ஆப்ஷன் இருக்கு. லினக்ஸ்ல பல சி ப்ரோகிராமுக்கு முன்னாடி எஸ்டிடிபஃப் மைனஸ் ஓ எல் (stdbuf -oL, வரிக்கு வரி அனுப்ப வைக்கிற கமாண்ட்) போட்டா வேலை செய்யும். பைத்தான் 3க்கு ஆகாது, அது சொந்தமா பஃபர் வச்சிருக்கு. எதுக்குமே மசியாத ப்ரோகிராம்னா, போலி டெர்மினல் கொடுக்கிற நோட்-பிடிஒய் (node-pty) பேக்கேஜ் வச்சு, டெர்மினல்தான்னு அதை நம்ப வைக்கணும்.

வீடியோவை மாத்துற எஃப்எஃப்எம்பெக் ஓட்டுறவங்க, வழக்கமான அவுட்புட்டோட ஸ்டாண்டர்ட் எர்ரர்ங்கிற (stderr) தனி வழியையும் கேளுங்க, ப்ராக்ரஸ் அந்தப் பக்கம்தான் வரும்.

இனி நான் எதிர்பார்த்த கேள்வி, யாரும் கேக்கல. டேட்டா ஈவென்ட்ல வர்றது ஒரு வரியா? இல்லவே இல்ல. அரை வரியும் வரும், மூணரை வரியும் வரும். யூடிஎஃப்-8ல 'க' ஒண்ணே 3 பைட். அது நடுவுல உடைஞ்சு வந்தா, பைட்டை எழுத்தா மாத்த டூ-ஸ்ட்ரிங் போட்டதும் கறுப்புக் கட்டத்துல கேள்விக்குறி வரும். ஸ்ட்ரீம்ல செட்-என்கோடிங் யூடிஎஃப்-8 போட்டா உடைஞ்ச எழுத்தை அதுவே ஒட்டிக்கும். வரி வரியா வேணும்னா நோட்லயே இருக்கிற ரீட்லைன் மாட்யூலை மாட்டுங்க.

முடிஞ்சதான்னு பார்க்க எக்ஸிட் ஈவென்ட்டை நம்பாதீங்க. அது வந்த பிறகும் பைப்புல மிச்ச அவுட்புட் இருக்கலாம். க்ளோஸ் ஈவென்ட் வர்ற வரைக்கும் காத்திருங்க.