சறுக்கியது யானை, நசுங்கியது யார்?

நடுவர் அவர்களே, தப்புச் செய்து பதவி இழந்த கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளருக்கு மறுபடி அந்தப் பதவி தரலாமா என்பது தலைப்பு. கூடாது என்பது எங்கள் கட்சி. "யானைக்கும் அடி சறுக்கும், மன்னிக்கக் கூடாதா?" என்று எதிரணி நண்பர் உருகினார். சறுக்கட்டும் ஐயா! சறுக்கின யானை யார் மேல் விழுந்தது? அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர் என்றால் விசில் ஊதுகிற வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளத்தில் முதலிடம் அவருக்குத்தான். கவர்னரெல்லாம் பின்னால்.

பாபி பெட்ரினோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 2012 ஏப்ரல் 1, மோட்டார் சைக்கிள் விபத்து. வண்டியில் வேறு யாரும் இல்லை என்று முதலில் அறிக்கை. கழுத்தில் பட்டையோடு வந்து பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார். போலீஸ் அறிக்கை வெளிவரப் போகிறது என்றதும்தான் பின்சீட்டில் ஒரு பெண் இருந்த சேதி வந்தது. அந்தப் பெண்ணோடு இவருக்குத் தொடர்பு. சில நாள் முன்புதான் தன் துறையிலேயே அவருக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். 20,000 டாலர் அன்பளிப்பு வேறு! அந்த வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் 159 பேர். "அது அவர் சொந்த விஷயம்" என்றாரே எதிரணி அம்மையார், மிச்சமுள்ள 158 பேருக்கும் அது சொந்த விஷயம்தானா?

ஏப்ரலில் வேலை போயிற்று. டிசம்பரிலேயே வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொண்டது. வெளியே உட்கார்ந்தது ஒரே சீசன். அந்தக் காலத்தில் பெரிய அணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவனும் பொதுவாக ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல்தான் அந்த விதி தளர்ந்தது. ஒரு தப்பும் செய்யாத பத்தொன்பது வயசுப் பையனுக்கும் ஒரு சீசன், இவருக்கும் ஒரு சீசன். என்ன நியாயம்!

பேலர் பல்கலைக்கழகக் கதை இன்னும் கொடுமை. பாலியல் வன்முறைப் புகார் சொன்னவர்களையோ பெற்றோரையோ ஃபுட்பால் ஆட்களே நேரில் சந்தித்துப் பேசியதும், விஷயத்தை வெளியே தெரிவிக்காததும் நடந்திருக்கிறது என்று 2016-இல் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் போனார். 2019-இல் டெக்சாஸ் மவுன்ட் வெர்னனில் ஒரு பள்ளிக்கூட அணியை அவர் கையில் கொடுத்தார்கள். கொடுத்தது யார்? அந்தப் பெண்களைக் கேட்டா கொடுத்தார்கள்?

பயிற்சியாளர் ஜார்ஜ் ஓலியரியை எதிரணியினர் சொன்னார்கள். படிப்பு விவரத்தில் பொய் எழுதி, 2001-இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஐந்தே நாளில் பதவி இழந்தவர். அந்தப் பொய்க்காக ஆயுள் முழுக்கத் தண்டிக்கச் சொல்லவில்லை, அதை விட்டுக்கொடுக்கிறேன். அவர் கெடுத்துக்கொண்டது முக்கியமாகத் தன் பெயரை. பெட்ரினோ, பிரைல்ஸ் போன்றவர்களையும் யாரும் பட்டினி போடச் சொல்லவில்லை. வேறு வேலை பார்க்கட்டும். பிள்ளைகளை ஒப்படைக்கிற அந்த நாற்காலி மட்டும் வேண்டாம் என்கிறோம்.

பெட்ரினோவுக்கு வெஸ்டர்ன் கென்டக்கிக்குப் பிறகு லூயிவில், மிசௌரி ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக வேலை. 2023 கடைசியில் அதே ஆர்கன்சா திரும்ப அழைத்தது. 2025-இல் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆக்கியது. இது எத்தனையாவது 'இரண்டாம் வாய்ப்பு' என்று எதிரணி எண்ணிச் சொல்லட்டும், நடுவர் அவர்களே. மணியடிக்கிறீர்கள், உட்காருகிறேன்.