டேட்டாவை வாங்கியது நாம், வழியைத் தேர்ந்தெடுப்பது யார்?

அனைவருக்கும் வணக்கம். நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலை பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். விஷயம் எளிமையானதுதான். காசு கொடுத்து ஒரு ஜிபி டேட்டா வாங்குகிறீர்கள். அதில் பாட்டுக் கேட்பீர்களோ, பாடம் படிப்பீர்களோ, வெளியூரில் இருக்கும் மகனோடு பேசுவீர்களோ, அது உங்கள் விருப்பம். விற்ற நிறுவனம் ஒரு தளத்தை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் விடக் கூடாது. ஒன்றை இலவசமாகவும் இன்னொன்றைக் கூடுதல் விலைக்கும் தரக் கூடாது.

இதெல்லாம் வீண் பயம் என்று சிலர் சொல்வார்கள். 2014 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்கைப், வைபர் போன்றவற்றில் பேச ஆகும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. இணையம் வழியாக ஜனங்கள் பேசினால் தொலைபேசி வருமானம் குறையும், காரணம் அதுதான். போட்டிக்கு வருபவர் நம் கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்றால், கம்பியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றத்தான் செய்யும்.

அடுத்து 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ. அதில் செயலியை நடத்தும் நிறுவனம் பணம் கட்டும், பார்ப்பவருக்கு இலவசம். சேர்வதாக இருந்த ஃபிளிப்கார்ட், மக்கள் கோபத்தைப் பார்த்து விலகிக்கொண்டது. அதே சமயத்தில், தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான டிராய் 118 பக்கத்துக்கு ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருந்தது. அதுவரை இப்படிப்பட்ட அறிக்கைக்குப் பெரும்பாலும் கம்பெனிகள்தான் பதில் எழுதும். இந்த முறை பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை தருவது அந்த ஒரு மாதம்.

ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். ஃபேஸ்புக்கின் இன்டர்நெட்.ஆர்க் திட்டம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து 2015 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. சில டஜன் தளங்கள் மட்டும் இலவசம், அதில் ஃபேஸ்புக்கும் உண்டு. எதைச் சேர்ப்பது என்ற விதியை எழுதியதும் ஃபேஸ்புக்தான். "ஒன்றுமே இல்லாத ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே, வசதியாக இருப்பவர்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்டார்கள்.

இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். நியாயமான கேள்விதான். ஏழைக்கு இலவசமாகத் தருவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாதம் இத்தனை எம்பி இலவசம் என்று கொடுத்துவிட்டு, எங்கே போவது என்பதை அவரிடமே விட்டிருக்கலாமே? அப்படிச் செய்யாமல், முதல்முறை இணையத்துக்கு வருபவருக்கு ஒரு சின்ன அறையைக் காட்டி, உலகமே இவ்வளவுதான் என்று நம்பவைப்பது உதவி ஆகாது. அதோடு, இங்கே ஓர் இளைஞர் தமிழில் ஒரு செய்தித் தளம் தொடங்குகிறார் என்று வையுங்கள். பக்கத்துத் தளம் இலவசம், இவருடையதுக்குக் காசு. எத்தனை பேர் இவரிடம் வருவார்கள்?

ஃபேஸ்புக்கின் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. ஒரே வாசகத்தில் அச்சடித்த மாதிரி லட்சக்கணக்கான ஆதரவுக் கடிதங்கள் டிராய்க்குப் போயின. தான் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி விதி வந்தது. எந்தத் தளம் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். பெரிய கம்பெனிக்கு இது ரொம்பச் சின்னத் தொகை என்பது என் அபிப்பிராயம். அவசர காலச் சேவைகளுக்கு விலக்கு கொடுத்தது சரியானதே. வேகத்தைக் குறைப்பது, தடுப்பது ஆகியவற்றுக்கும் 2018இல் நிறுவனங்களின் உரிமத்திலேயே தடை வந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஏழைகள் இணையம் இல்லாமல் நின்றுவிடவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. முழு இணையமும் கிராமங்களுக்குள் வந்தது. அதே போட்டியில் பல கம்பெனிகள் காணாமல் போனதும் உண்மை. கம்பெனிகள் குறையக் குறைய, பிடிக்கவில்லை என்றால் வேறு சிம்முக்கு மாறிக்கொள்ளலாம் என்ற வழியும் குறுகுகிறது. அதனால் இந்த விதி 2016ஐ விட இன்று இன்னும் அவசியம்.

இப்போது அதே ஆசை வேறு வாசல் வழியாக வருகிறது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எங்கள் நெட்வொர்க்கை நிரப்புகின்றன, அவை பங்கு கொடுக்க வேண்டும் என்று செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கம் கேட்கிறது. நெட்வொர்க் போட நிறைய செலவாகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கியது நாம். அதற்கு ரீசார்ஜும் செய்துவிட்டோம். ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் வசூலா?

டேட்டாவை அனுப்பும் பக்கம் பணம் கட்டும் முறை தென் கொரியாவில் இருக்கிறது. அங்கே ட்விட்ச் என்ற நேரலைத் தளம், நெட்வொர்க் கட்டணம் பெரும்பாலான நாடுகளைப் போல பத்து மடங்கு ஆகிறது என்று சொல்லி, முதலில் படத்தின் தரத்தைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் மொத்தமாக வெளியேறிவிட்டது. அது சின்னக் கம்பெனி இல்லை, அமேசானுடையது. பெரிய கம்பெனிகள்தானே கட்டப் போகின்றன, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே மங்கலான படத்தைப் பார்த்தது சாதாரண ரசிகர்கள். பிழைப்புக்கு வேறு தளம் தேடி ஓடியது நேரலை நடத்திய இளைஞர்கள்.

டிராய் அறிக்கைகள் எல்லாருக்கும் பொதுவில் வருகின்றன. கடைசித் தேதியும் அனுப்ப வேண்டிய முகவரியும் அதிலேயே இருக்கும். இந்தப் பங்கு விவகாரம் அடுத்த அறிக்கையில் வந்தால், யாரோ எழுதிக் கொடுத்த வாசகத்தை அனுப்பாதீர்கள். கேள்விகளைப் படித்து, உங்கள் கடைக்கும் படிப்புக்கும் என்ன ஆகும் என்று சொந்த வார்த்தையில் எழுதுங்கள். நன்றி.