கையில் இருக்கும் குடியுரிமையைப் பறிக்க முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளையோ பேத்தியோ இருக்கிற நம் வீடுகளில் 2025-ஆம் ஆண்டு முழுக்க அடிபட்ட பேச்சு ஒன்று உண்டு. அங்கே பிறக்கிற குழந்தைக்கு இனிமேல் குடியுரிமை கிடைக்குமா, கிடைக்காதா? ஜனவரி 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் போட்ட ஆணைதான் இதற்குக் காரணம். தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருந்தால்தான் குழந்தைக்குக் குடியுரிமை என்பது அதன் சாரம். எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தையும் அதில் மாட்டிக்கொண்டது. கீழ் நீதிமன்றங்கள் தடை போட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அதெல்லாம் செய்தியில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அதற்கு அடியில் கிடக்கிற பழைய வழக்கு ஒன்றை, இல்லை, பல வழக்குகளை. ஒருவர் கையில் இருக்கும் குடியுரிமையை அரசாங்கம் பிடுங்கிக்கொள்ள முடியுமா?

1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றிருந்தாலும் அந்த நாட்டின் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை உள்நாட்டுப் போரின் ரத்தம் காய்ந்த பிறகு, 1868-இல் வந்த 14-வது திருத்தம்தான் துடைத்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லாரும், குடியேறி முறைப்படி குடியுரிமை பெற்ற எல்லாரும் குடிமக்கள். அதன் முதல் வரி இதுதான்.

எழுதியாகிவிட்டது. ஆனால் அதை நம்பி ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு சமையல்காரருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பெயர் வோங் கிம் ஆர்க். சான் பிரான்சிஸ்கோ சீனர் பேட்டையில் 1873-இல் பிறந்தவர். 1894-இல் சீனாவுக்குக் கிளம்பும்போதே எச்சரிக்கையாக ஒரு பத்திரம் தயார் செய்துகொண்டார். புகைப்படம் ஒட்டி, ‘இவர் இங்கேதான் பிறந்தார், எங்களுக்குத் தெரியும்’ என்று வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பத்திரம். சீனர் நுழைவைத் தடுக்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்த காலம் அல்லவா? 1895 ஆகஸ்டில் கோப்டிக் என்ற கப்பலில் திரும்பி வந்தார். பத்திரம் இருந்தும் சுங்க அதிகாரி கரையில் இறங்க விடவில்லை. பிறந்த ஊர் கண்ணுக்கு எதிரே தெரிய, கப்பல் மாற்றிக் கப்பலாக மாதக்கணக்கில் துறைமுகத் தண்ணீரிலேயே அடைந்து கிடந்தார்.

பெற்றோர் சீனச் சக்கரவர்த்தியின் பிரஜைகள், ஆகவே இவரும் அப்படித்தான் என்பது அரசு வாதம். 1898 மார்ச் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், படையெடுத்து வந்து இடத்தைப் பிடித்திருக்கும் எதிரிகளின் பிள்ளைகள், அன்றைய நிலையில் பூர்வகுடி இனத்தவர் என்று சில விலக்குகள் தவிர, அந்த மண்ணில் பிறந்தால் குடிமகன்தான் என்று நீதிபதி ஹோரஸ் கிரே எழுதினார். வென்றாயிற்று என்று நினைப்போம். மூன்று வருடம் கழித்து டெக்சாஸில் எல் பாசோ நகரத்தில் அதே மனிதரைச் சட்டவிரோதமாக வந்த சீனர் என்று மறுபடி பிடித்தார்கள்! நீதிமன்றம் எழுதுவது ஒன்று, எல்லையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் படிப்பது வேறொன்று. என் அனுபவத்தில் இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை.

பிறந்தவர் கதை இது. குடியேறியவர் கதை இன்னும் மோசம். பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ உடுப்புப் போட்டவர். அவர் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைத் திரும்பப் பறிக்க அரசாங்கம் கிளம்பியது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகி, 1928-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-இல்தான் சட்டம் வழிவிட்டது.

பெண்களையும் விடவில்லை. 1907 சட்டப்படி, அமெரிக்கப் பெண் வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்தால் குடியுரிமை போச்சு. அமெரிக்க ஆணுக்கு அப்படி எதுவும் கிடையாது.

இந்தப் போக்கு 1958-இல்தான் திரும்பத் தொடங்கியது. ஆல்பர்ட் டிராப் என்ற சிப்பாய், இரண்டாம் உலகப் போரின்போது மொராக்கோவில் ராணுவச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. அவரே முகாமை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது ராணுவ லாரியில் ஏறிக்கொண்டார். அதற்குத் தண்டனையும் அனுபவித்தார். பல வருடம் கழித்துப் பாஸ்போர்ட் கேட்கப் போனால், நீ குடிமகனே இல்லை என்றார்கள். குடியுரிமையைத் தண்டனையாகப் பறிப்பது கொடுமை என்று நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் தீர்ப்பளித்தது.

அடுத்து பேய்ஸ் அஃப்ரோயிம் என்கிற ஓவியர். போலந்திலிருந்து வந்து 1926-இல் அமெரிக்கக் குடிமகனானவர். 1951-இல் இஸ்ரேல் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அந்த ஒரு ஓட்டுக்காகக் குடியுரிமை ரத்து. 1967-இல் நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு, மீண்டும் ஐந்துக்கு நான்கு, இதை அடியோடு மாற்றிவிட்டது: குடிமகன் தானாக விரும்பி விட்டுக்கொடுத்தால் ஒழிய, அதைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. நம் இந்தியச் சட்டம் நேர் எதிர். வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிய அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும்.

அப்படியானால் அங்கே குடியேறிக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்குக் கவலையே இல்லையா? ஒரு வழி திறந்திருக்கிறது: பொய் சொல்லி வாங்கியிருந்தால் ரத்து செய்யலாம். எவ்வளவு பெரிய பொய்? போஸ்னியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2017-இல், இது உச்ச நீதிமன்றத்தில் வாதமானது. விண்ணப்பப் படிவத்தில், கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டார்: 55 மைல் வேகம் போக வேண்டிய சாலையில் ஒருமுறை நான் 60-இல் போனேன், பிடிபடவில்லை, அதையும் எழுத வேண்டுமா? ஆமாம் என்றார் அரசு வழக்கறிஞர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொன்ன பொய்க்கும் குடியுரிமை கிடைத்ததற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள்.

அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை. என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம், பழைய டிராஃபிக் டிக்கெட் ரசீது கிடைத்தால் அதையும் இணைத்துவிடுங்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.